எழுதிக் கொடுப்பதா, எழுதி வைப்பதா?

வாடிப்பட்டி தாலுகாவில் பெரியாறு கால்வாய்ப் பாசனத்தில் உள்ள ஒரு கிராமத்திலிருந்து 71 வயது அம்மா ஒருவர் எழுதியிருக்கிறார். கையெழுத்து பேத்தியுடையது, கவலை அவருடையது. கணவர் 2020-ல் காலமாகிவிட்டார். குடும்பத்துக்கு 1 ஏக்கர் 40 சென்ட் நஞ்சை இருக்கிறது. அதில் 80 சென்ட் பாட்டன் காலத்திலிருந்து வரும் பூர்வீகம். கணவரின் அண்ணன் தம்பிகள் 1978-ல் பாகம் பிரித்தபோது கணவர் பங்காக வந்தது, பத்திரம் இருக்கிறது. மீதி 60 சென்ட் 1994-ல் கணவர் தன் பெயரில் கிரயம் வாங்கியது. ஊருக்குள் ஒரு ஓட்டு வீடு உண்டு. அது இந்த அம்மாவின் நகையை விற்று வாங்கியது. பட்டாவும் அவர் பெயரில்தான்.

பெரிய மகன் ஊரிலேயே விவசாயம் பார்க்கிறார். சின்னவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். மகளைச் சோழவந்தானில் கட்டிக் கொடுத்தது 1988-ல். பெரியவருக்கு டிராக்டர் லோன் வேண்டும். தை பிறந்ததும் நிலத்தையும் வீட்டையும் மொத்தமாகத் தன் பேரில் செட்டில்மென்ட் எழுதிக் கொடுக்கச் சொல்கிறார். பத்திர எழுத்தரிடம் பேசி முடித்தாயிற்று. "எம்மேல நம்பிக்கை இல்லையாம்மா?" என்று அவர் கேட்ட நாளிலிருந்து அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லையாம். "நம்பிக்கை இருக்கு. ஆனா பக்கத்துத் தெருவுல ஒருத்தி எழுதிக் கொடுத்துட்டுக் கோயில் வாசல்ல உக்காந்திருக்கா. நான் கையெழுத்துப் போடலாமா, கூடாதா?" என்பதுதான் கேள்வி.

கூடாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் அவர் நினைக்கும் காரணத்துக்காக மட்டுமல்ல. அதற்கு முன்னால் வேறொரு காரணம் இருக்கிறது. அந்த 1 ஏக்கர் 40 சென்ட்டில் பெரும்பகுதி அவருடையதே அல்ல.

கணவர் இறந்தால் சொத்து மனைவிக்கு வந்துவிடும் என்று கிராமங்களில் இன்றும் பலர் நினைக்கிறார்கள். உயில் எழுதாமல் இறந்த இந்து ஆண் ஒருவரின் சொந்தச் சொத்து, 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சமமாகப் போகும். அவரைப் பெற்ற தாய் உயிரோடு இருந்தால் அந்தத் தாய்க்கும் ஒரு சம பங்கு உண்டு. (தாய்க்குப் பங்கு, தகப்பனுக்கு இல்லை. இதைக் கேட்டதும் பல பெரியவர்களுக்குக் கோபம் வரும். ஆனால் சட்டம் அப்படித்தான்.) இந்தக் குடும்பத்தில் மாமியார் எப்போதோ காலமாகிவிட்டார். ஆகவே கிரயம் வாங்கிய 60 சென்ட் நாலு பங்கு. அம்மாவுக்கு 15 சென்ட், மூன்று பிள்ளைகளுக்கும் தலா 15 சென்ட்.

பூர்வீக 80 சென்ட்டின் கணக்கு வேறு. பூர்வீகத்தில் பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே பங்கு உண்டு. மகளுக்கும் உண்டா என்பதில்தான் ஊர் ஊராகத் தகராறு. தமிழ்நாடு இதில் முந்திக்கொண்டது. 25-3-1989 முதல் அமலுக்கு வந்த மாநிலத் திருத்தம் மகளுக்கும் பூர்வீகத்தில் பங்கு கொடுத்தது. ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே திருமணமான மகளுக்கு இல்லை என்றது. 1988-ல் கட்டிக் கொடுத்த மகள் அதில் விடுபட்டுப் போனார். பெரியவர் இன்னமும் அந்தப் பழைய கணக்கைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார். கடிதத்திலேயே "தங்கச்சிக்குச் சட்டப்படி பாத்தியம் இல்லைங்கிறான்" என்று ஒரு வரி இருக்கிறது. ஆனால் 9-9-2005 முதல் மத்தியத் திருத்தம் வந்து, கல்யாணம் ஆனவர், ஆகாதவர் என்ற பேதமில்லாமல் மகளையும் மகனுக்குச் சமமாக்கிவிட்டது. 2005-ல் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று கொஞ்ச காலம் குழப்பம் இருந்தது. 11-8-2020 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, மகளுக்குப் பிறப்பினால் வரும் உரிமை இது, தகப்பன் இருந்தாரா இல்லையா என்பது பொருட்டில்லை என்று முடித்துவைத்தது. 20-12-2004-க்கு முன்பே பதிவுப் பத்திரம் மூலமோ கோர்ட் மூலமோ பாகம் பிரித்து முடித்திருந்தால் மட்டும் அதைத் தோண்ட முடியாது. இங்கே 1978 பத்திரம் அண்ணன் தம்பிகளுக்குள் பிரித்தது. தகப்பனுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே பிரித்தது இல்லை. எனவே சோழவந்தான் மகளுக்குப் பங்கு உண்டு.

80 சென்ட்டில் தகப்பன், இரண்டு மகன், ஒரு மகள் என நாலு பேருக்கும் தலா 20 சென்ட். தகப்பனுடைய அந்த 20 சென்ட், அவர் இறந்ததும் மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் தலா 5 சென்ட்டாகப் பிரியும். அம்மாவுக்கு 5 சென்ட், பிள்ளைகளுக்குத் தலா 25 சென்ட்.

இரண்டையும் கூட்டினால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் 40 சென்ட். அம்மாவுக்கு 20 சென்ட். மொத்தம் 140 சரியாக வருகிறது. அந்த 20 சென்ட்டும் ஓட்டு வீடும்தான் அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கக்கூடிய சொத்து. மீதி 120 சென்ட்டுக்கு அவர் எழுதிக் கொடுத்தால் அது செல்லாது. டிராக்டர் லோனுக்காக பேங்க் வக்கீலிடம் அந்தப் பத்திரத்தைக் கொண்டுபோனால் முதல் நாளே மடக்கி அனுப்பிவிடுவார். மகன் பத்திரச் செலவு செய்து, தங்கையோடும் தம்பியோடும் பேச்சுவார்த்தையை அறுத்துக்கொண்டு, லோனும் கிடைக்காமல் நிற்பார். அம்மாவிடம் இருந்த ஒரே பிடிமானம் மட்டும் போயிருக்கும்.

பெரியவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தகப்பன் போனபிறகு வரப்பு வெட்டி, மடை பார்த்து, வருஷம் இரண்டு போகம் கை நனைத்தவர் அவர். நிலத்தில் நிற்பவனுக்கு நிலம் தன்னுடையது என்ற எண்ணம் வருவது இயற்கை. திருப்பூரில் இருப்பவர் பொங்கலுக்கு வந்து அரிசி மூட்டை வாங்கிப் போகிறார். அவருக்குப் பங்கு சமம் என்றால் உழுதவருக்கு வலிக்கும். அந்த வலிக்கு வழி இருக்கிறது. அந்த வழி அம்மாவின் கைநாட்டு வழியாகப் போகவில்லை, உடன்பிறந்தவர்கள் வழியாகப் போகிறது. தம்பியும் தங்கையும் சம்மதித்தால் அவர்கள் பங்கை விடுதலைப் பத்திரம் மூலம் அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கலாம். பணம் வாங்கிக்கொண்டும் விடலாம், வாங்காமலும் விடலாம். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்ட், விடுதலை, பாகப்பிரிவினை ஆகியவற்றுக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை மதிப்பில் 1 சதவீதம். 2023 ஜூலை முதல் அதன் உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000 ரூபாய். பாகப்பிரிவினையில் இந்த வரம்பு ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி. கிரயம் வாங்குவதோடு ஒப்பிட்டால் இது சொற்பம்.

விட்டுக்கொடுக்க மனமில்லை என்றால் பாகப்பிரிவினை. அதில் பெரியவர் கிணற்றை ஒட்டிய பக்கத்தைக் கேட்கலாம், நியாயமும் அதுதான். ஆனால் பாகப் பத்திரத்தில் சென்ட் கணக்கை மட்டும் எழுதிவிட்டு வந்துவிடுகிறார்கள். கிணற்றில் யாருக்கு எத்தனை நாள் முறை, மோட்டார் சர்வீஸ் யார் பேரில், கடைமடைப் பங்குக்கு வாய்க்கால் எந்த வரப்போரம், வண்டிப் பாதை எத்தனை அடி அகலம் என்பதை எல்லாம் எழுதாமல் விட்ட பத்திரம்தான் அடுத்த தலைமுறையில் மண்வெட்டிச் சண்டையாகிறது. நாலு வரி கூடுதலாக எழுதுவதற்குப் பத்திர எழுத்தர் தனியாக ஒன்றும் கேட்கப் போவதில்லை.

அதற்கெல்லாம் முன்னால் ஆக வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கணவர் இறந்து இத்தனை வருஷமாகியும் பட்டா அவர் பேரிலேயே கிடக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் நம் பக்கத்துக் குடும்பங்கள் பெரும்பாலும் அசட்டைதான். பாட்டன் பேரில் பட்டா, அப்பன் பேரில் சர்வீஸ், மகன் பேரில் கடன் என்று ஓடும். இறப்பை 21 நாளுக்குள் பதிந்து சான்று வாங்க வேண்டும். ஓராண்டு தாண்டினால் ஆர்.டி.ஓ. உத்தரவு இல்லாமல் பதிய முடியாது. அடுத்து தாசில்தாரிடம் வாரிசுச் சான்று. இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். அந்தச் சான்றில் மகள் பெயரை விட்டுவிட்டு எழுதிக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. பின்னால் வரும் வழக்குகளில் பாதிக்கு அதுதான் விதை. வாரிசுச் சான்று யார் யார் வாரிசு என்று மட்டும் சொல்லும், யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது. அதை வைத்து அம்மாவும் மூன்று பிள்ளைகளும் சேர்ந்து கூட்டுப் பட்டா வாங்கிக்கொள்ளட்டும்.

கூட்டுப் பட்டா வந்தாலே பெரியவருடைய பாதிச் சிக்கல் தீரும். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க் கடனுக்கும், பயிர்க் காப்பீட்டுக்கும், மானிய விலைக் கருவிக்கும் சிட்டா, அடங்கலில் பெயர் இருந்தால் போதும். பி.எம். கிசான் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். 1-2-2019 அன்று யார் பேரில் நிலம் இருந்ததோ அவர்களுக்குத்தான் அந்த 6,000 ரூபாய். அதற்குப் பின் பெயர் மாறியவர்களில், நிலத்துக்காரர் இறந்து வாரிசாக வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கும்போதே செட்டில்மென்ட் மூலம் வாங்கிய மகனுக்கு அந்த விலக்கு இல்லை. அவசரப்பட்டு எழுதி வாங்கி, கொடுத்தவருக்கும் தவணை நின்று, வாங்கியவருக்கும் கிடைக்காமல் போன குடும்பங்கள் உண்டு. இறந்தவர் கணக்கில் தவணை தொடர்ந்து வரவாகியிருந்தால் அதையும் உடனே வேளாண்மை அலுவலகத்தில் தெரிவித்துவிட வேண்டும். பின்னால் திரும்பக் கட்டச் சொல்வார்கள்.

இனி அம்மாவின் சொந்த 20 சென்ட்டும் வீடும். இதை எழுதிக் கொடுப்பதா, எழுதி வைப்பதா?

எழுதிக் கொடுப்பது செட்டில்மென்ட். பதிவானவுடன் சொத்து கைமாறிவிடும். எழுதி வைப்பது உயில். எழுதியவர் கண் மூடும் வரை ஒன்றும் மாறாது. மனம் மாறினால் உயிலைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம், பத்துத் தடவை எழுதினாலும் கடைசியாக எழுதியதுதான் செல்லும். செட்டில்மென்ட்டை அப்படி ஒருதலையாக ரத்து செய்ய முடியாது. கோபத்தில் சார் பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் ரத்துப் பத்திரம் எழுதினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள், ஆகாது. பல பத்திரங்களில் வழக்கமான வாசகமாகவே, சுவாதீனத்தை இன்றே ஒப்படைத்துவிட்டதாகவும் எந்தக் காலத்திலும் ரத்து செய்ய அதிகாரமில்லை என்றும் அச்சடித்த மாதிரி எழுதிவிடுகிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் அதன் கீழேதான் பெருவிரலை வைக்கிறார்கள். பத்திரத்தைக் கையெழுத்துக்கு முன்னால் முழுவதும் வாசிக்கச் சொல்லிக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. மகன் வாசிக்க வேண்டாம், பேத்தி வாசிக்கட்டும்.

எழுதிக் கொடுத்துவிட்டுத் தெருவில் நின்றவர்களுக்குச் சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007. அதன் 23-வது பிரிவு, பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு 60 வயது கடந்தவர் எழுதிக் கொடுத்த சொத்தை வாங்கியவர் பார்த்துக்கொள்ளத் தவறினால், அது ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கியதாகக் கருதப்பட்டு செல்லாது என்று அறிவிக்கப்படலாம் என்கிறது. சட்டம் வந்தபிறகு எழுதிய பத்திரங்களுக்கே இது பொருந்தும். மனு கொடுக்க வேண்டிய இடம் ஆர்.டி.ஓ. தலைமையிலான தீர்ப்பாயம். மதுரை மாவட்டத்தில் மதுரை, மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று நாலு கோட்டங்கள். ஊர் எந்தக் கோட்டமோ அந்த அலுவலகம். அங்கே வக்கீல் வைக்க வேண்டியதில்லை. சட்டமே வக்கீல் வேண்டாம் என்கிறது. மேல்முறையீடு கலெக்டரிடம். சொத்து எதுவும் எழுதிக் கொடுக்காதவர்கூட அங்கே ஜீவனாம்சம் கேட்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிட முடியும்.

ஆனால் அந்த "நிபந்தனையோடு" என்ற வார்த்தையில்தான் சூட்சுமம். 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், பத்திரத்தில் அப்படி ஒரு நிபந்தனை இருந்ததாக நிரூபிக்காவிட்டால் 23-வது பிரிவு உதவாது என்றது. நாடு முழுக்கப் பல பெரியவர்களின் மனுக்கள் இதைக் காட்டியே தள்ளுபடியாயின.

அதன்பின் மத்தியப் பிரதேசத்தின் சத்தர்பூரிலிருந்து ஒரு தாயின் வழக்கு டில்லிக்குப் போனது. 1968-ல் தான் வாங்கிய சொத்தை 2019 செப்டம்பரில் மகனுக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுத்தார். தாயைக் கடைசி வரை பார்த்துக்கொள்வேன், தவறினால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று மகன் தனியாக ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்ததாகத் தாய் சொன்னார். அது போலி என்றார் மகன். ஆர்.டி.ஓ. நிலையில் தாய்க்கு வெற்றி. கலெக்டர் நிலையிலும் வெற்றி. உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதியும் தாய் பக்கம். இரு நீதிபதிகள் அமர்வு மட்டும், பத்திரத்திலேயே நிபந்தனை இல்லையே என்று மகன் பக்கம் தீர்ப்பளித்தது. 2-1-2025 அன்று நீதிபதிகள் சி.டி. ரவிக்குமார், சஞ்சய் கரோல் ஆகியோர் அதை மாற்றி, இந்தச் சட்டம் முதியோரைக் காக்க வந்தது, அந்தக் கண்ணோடுதான் படிக்க வேண்டும் என்று சொல்லி, பத்திரத்தை ரத்து செய்ததோடு, பிப்ரவரி 28-க்குள் சொத்தைத் தாயிடம் ஒப்படைக்கவும் உத்தரவிட்டனர். நம் பக்கத்திலும் அதே ஆண்டு மார்ச்சில் நாகப்பட்டினத்துத் தாய் ஒருவரின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், அன்பினாலும் பாசத்தினாலும் எழுதிக் கொடுத்தது என்று பத்திரத்தில் இருந்தாலே பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை அதற்குள் அடங்கியிருக்கிறது என்று சொன்னது.

இந்தத் தீர்ப்புகளைப் படித்துவிட்டு, எழுதிக் கொடுத்தாலும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறதே என்று தைரியம் கொள்வது தவறு. சத்தர்பூர்த் தாய் ஐந்து படி ஏறினார். நாலு வருஷத்துக்கு மேல் ஆனது. 71 வயதில் அதற்குத் தெம்பு வேண்டும். ஒரு வரி பத்திரத்திலேயே இருந்திருந்தால் அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டியதில்லை.

எனவே வீட்டை எழுதிக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று குடும்பம் முடிவெடுத்தால், பத்திரத்துக்குள்ளேயே இப்படி இருக்கட்டும்: என் ஆயுள் உள்ளவரை இந்த வீட்டில் குடியிருக்கவும், 20 சென்ட் நஞ்சையின் மகசூலை அனுபவிக்கவும் எனக்கு முழு உரிமை உண்டு, என் உணவு, உடை, மருத்துவம் ஆகியவற்றை என் மகன் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் இதை எழுதிக் கொடுக்கிறேன், தவறினால் இந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கோர எனக்கு உரிமை உண்டு, என் ஆயுள் வரை இதை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. ஆயுட்கால உரிமை வைத்து எழுதுவதால் மகனுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. பார்த்துக்கொள்ளப் போகிறவர் அந்த வரியைப் பார்த்துப் பயப்படவும் வேண்டியதில்லை.

ஆனால் கடிதத்தைப் படித்தால் அந்த அம்மாவுக்குத் தேவை உயில்தான் என்று தோன்றுகிறது. வீடு பெரியவனுக்கு, கையிலுள்ள ஆறு பவுன் மகளுக்கு, சின்னவனுக்கு அந்த 20 சென்ட் என்று அவருக்கே மனதில் ஒரு கணக்கு இருக்கிறது. கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறார். அதை அப்படியே எழுதி வைக்கலாம். எழுதாமல் போனால் மூன்றும் மூன்று சம பங்காகும்; ஓட்டு வீட்டை மூன்றாக எப்படிப் பிரிப்பார்கள்?

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். வெள்ளைத்தாளில் எழுதினாலும் செல்லும். எழுதியவர் கையெழுத்தை, அல்லது பெருவிரல் ரேகையை, இரண்டு சாட்சிகள் நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். இதில் குறை இருந்தால் உயிலே இல்லை. பின்னால் கோர்ட்டுக்குப் போனால் அந்தச் சாட்சிகளில் ஒருவராவது வந்து சொல்ல வேண்டும் என்பதால், எழுதியவரைவிட வயதில் மூத்த பெரியப்பாவைச் சாட்சியாகப் போடுவது புத்திசாலித்தனம் ஆகாது. சொத்து வாங்கப் போகிறவரையும் அவர் மனைவியையும் சாட்சியாகப் போடாமல் இருப்பது நல்லது. சர்வே எண், பரப்பு, நாலு எல்லை தெளிவாக இருக்கட்டும். எழுதிய அன்றே ஒரு டாக்டரிடம் தெளிந்த நினைவோடு இருக்கிறார் என்று சீட்டு வாங்கி இணைத்துவிட்டால், பின்னால் "அம்மாவுக்கு நினைவே இல்லை, மிரட்டி வாங்கினார்கள்" என்ற வாதம் எடுபடாது.

பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிந்துவிடுவதே மேல். வீட்டில் வைத்த உயில் கரையான் அரிக்கும், அல்லது யாராவது கிழித்துவிடுவார்கள். நடமாட முடியாதவர் என்றால் மனுக் கொடுத்து சார் பதிவாளரை வீட்டுக்கே வரவழைக்கலாம். பதிந்தால் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுமே என்று பயப்படுகிறார்கள். உயில் தனிப் புத்தகத்தில் பதிவாகிறது. வில்லங்கச் சான்றில் வராது. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவர் அதிகாரம் கொடுத்தவருக்கோ தவிர வேறு யாருக்கும் நகல் தரமாட்டார்கள். மகன் கேட்டால் "எழுதி வச்சிருக்கேன்ப்பா, உனக்கு உள்ளது உனக்கு" என்று சொன்னால் போதும்.

உயிலை கோர்ட்டில் மெய்ப்பிக்க வேண்டுமாமே, புரோபேட் என்று வக்கீல் குமாஸ்தா சொன்னாரே என்றும் அந்த அம்மா கேட்டிருக்கிறார். அது சென்னை நகர எல்லைக்குள் எழுதிய உயிலுக்கும் அங்குள்ள வீடு நிலத்துக்கும் வெள்ளைக்காரன் காலம் தொட்டு இருந்த விதி. வாடிப்பட்டியில் எழுதி, வாடிப்பட்டி நிலத்தையும் வீட்டையும் பற்றிய உயிலுக்கு புரோபேட் கட்டாயமில்லை. இறப்புச் சான்று, உயில், வாரிசுச் சான்று இவற்றோடு பட்டா மாற்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். மற்ற வாரிசுகள் ஆட்சேபித்தால் மட்டும் தாசில்தார் கோர்ட்டுக்குப் போகச் சொல்வார். அந்த ஆட்சேபணை வராமல் இருக்கத்தான் டாக்டர் சீட்டும் நல்ல சாட்சியும்.

பத்திர எழுத்தரிடம் பேசி முடித்தாயிற்று என்பதால் தயங்க வேண்டாம். கையெழுத்துப் போடும்வரை எதுவும் முடிவதில்லை. யாரிடமாவது நேரில் கேட்க வேண்டும் என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். முதியோர் உதவி எண் 14567. அந்தக் கோயில் வாசல் அம்மாவிடமும் இந்த எண்ணைச் சொல்லுங்கள். 23-வது பிரிவு அவருக்கும்தான்.

இன்னும் சில கேள்விகள்

உசிலம்பட்டி வாசகர்: அப்பா உயிரோடு இருந்தபோது பொது அதிகாரப் பத்திரம் கொடுத்திருந்தார். அவர் இறந்தபின் அதை வைத்து அண்ணன் புஞ்சையை விற்கலாமா?

கொடுத்தவர் இறந்ததும் பொதுவாக அந்த அதிகாரமும் போய்விடுகிறது. பின் விற்பது என்றால் வாரிசுகள் எல்லோரும் சேர்ந்துதான் விற்க வேண்டும். விற்பனை இன்னும் நடக்கவில்லை என்றால் இறப்புச் சான்றின் நகலோடு சார் பதிவாளருக்கு உடனே எழுத்து மூலம் ஆட்சேபணை கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள். வில்லங்கச் சான்றையும் மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மேலூர் வாசகர் (இஸ்லாமியக் குடும்பம்): மொத்த நிலத்தையும் ஒரு மகனுக்கு உயில் எழுதலாமா?

முடியாது. ஈமச் செலவும் கடனும் போக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத, மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். வாரிசுகளில் ஒருவருக்கே எழுதுவதற்கும் மற்றவர்கள் சம்மதிக்க வேண்டும். ஹிபா கொடுப்பது தனி. ஆனால் அதில் சுவாதீனத்தை உடனே ஒப்படைத்தாக வேண்டும் என்பதால் வயதானவருக்கு மேலே சொன்ன ஆபத்து அத்தனையும் அதிலும் உண்டு.

திருமங்கலம் வாசகர்: பெரியப்பாவுக்குப் பிள்ளை இல்லை. கரிசல் காடு நாலு ஏக்கர் இருக்கிறது. யாரும் சோறு போடுவதில்லை. அவர் யாரிடம் கேட்க முடியும்?

பிள்ளை இல்லாத முதியவரின் சொத்தை இப்போது அனுபவிக்கிறவரோ, அவருக்குப் பின் வாரிசாக அடையப் போகிறவரோ அவரைப் பராமரிக்கக் கடமைப்பட்டவர் என்கிறது 2007-ம் ஆண்டுச் சட்டம். அப்படிப் பலர் இருந்தால், அவரவர் அடையப் போகும் பங்குக்குத் தக்கபடி கொடுக்க வேண்டும். திருமங்கலம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வெள்ளைத்தாளில் மனு எழுதிக் கொடுத்தால் போதும். அவரால் முடியாவிட்டால் அவர் சார்பில் வேறொருவர் கொடுக்கலாம். கேள்வியை அனுப்பிய தம்பி மகனே அந்த வாரிசுகளில் ஒருவராக இருக்கக்கூடும் என்பதையும் அவர் கவனிக்க வேண்டும்.